கடல் பிளந்ததும் கிணறு ஊறுவதும்

ஏதேனுமொரு திருத்தலத்தில் புதுமை நடந்ததென்று கேள்விப்பட்டால் உடனே பஸ் பிடித்து ஓடுவதில் நம்மவருக்குத் தயக்கமில்லை. ஓடுவதைக் குறைகூற நாம் இங்கு முன்வரவில்லை. ஆனால், போய்த் திரும்பியபின் விசுவாசம் வளர்ந்திருக்கிறதா? திருமறை நூலின் புதுமைகளை முதன்முதலில் பெற்றுக்கொண்ட யூத மக்கள் இதைப்பற்றி என்ன எண்ணினார்கள் என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

யாத்திராகமம் 14ஆம் அதிகாரத்தில் கடல் பிளக்கிறது. அடுத்த அதிகாரத்திலேயே, மூன்று நாள் நடந்தும் நல்ல தண்ணீர் கிடைக்கவில்லையென்று அதே மக்கள் மோயீசனுக்கு எதிராக முறுமுறுக்கிறார்கள். மூன்றே நாள்! எகிப்தில் வாழ்ந்து 1204இல் இறந்த யூத அறிஞர் மைமோனிடிஸ், மருத்துவருமாயிருந்தவர், இதற்குக் காரணம் காட்டினார். அடையாளங்களை மட்டும் கண்டு விசுவசிப்பவனுடைய உள்ளத்தின் ஒரு மூலையில், இது மந்திர வித்தையோ என்னும் ஐயம் கிடக்கவே செய்யும் என்பது அவர் கருத்து. மோயீசன் தம்மை எண்பிப்பதற்காகப் புதுமை செய்யவில்லை. தேவை வந்தது, செய்தார். எதிரி துரத்தினான், கடல் பிளந்தது. பசித்தது, மன்னா பொழிந்தது. விசுவாசமோ சீனாய் மலையில் இறைவனின் குரலைக் கேட்டதில் வேரூன்றியது. வானிலிருந்து அடையாளம் கேட்ட பரிசேயருக்கு நம் ஆண்டவரும் அதைக் கொடுக்கவில்லையே (மாற்கு 8:11-12).

அப்படியானால் புதுமைகள் எதற்கு? 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்த நாக்மானிடிஸ் விடை தருகிறார். வெளிப்படையான பெரும் புதுமைகளிலிருந்து மனிதன் மறைவான புதுமைகளைக் காணப் பழகுகிறான். இயற்கை தன்போக்கில் நடத்துவதாகத் தோன்றுவதும் இறைவனின் கைவேலையே என்று உணர்கிறான். யூதர் தம் நாளாந்த செபத்தில், இறந்தோரை உயிர்ப்பிக்கும் இறைவனைப் புகழும் பகுதியிலேயே, மாரி காலத்தில் மழை பொழியச் செய்பவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுகிறார்கள். உயிர்ப்பும் மழையும் ஒரே மூச்சில்!

யாழ்ப்பாணத்தவருக்கு இது எளிதில் விளங்கும். வற்றாத ஆறு நமக்கில்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்பதாலேயே நம் கிணறுகள் ஊறுகின்றன. மிதமிஞ்சி இறைத்தால் உவர் ஏறிவிடும். அன்று துலா மிதித்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள். இன்று மோட்டார் போடுபவர்கள் சற்று எண்ணிப்பார்க்கலாம்.

ஒல்லாந்தர் காலத்தில் சில்லாலையில் மறைந்திருந்து நம் முன்னோரின் விசுவாசத்தைக் காத்த யோசவ் வாஸ் அடிகளாரையும் நினைவுகூருவோம். 1696இல் கண்டியில் கடும் வறட்சி நிலவியபோது அவருடைய செபத்தால் மழை பெய்ததென்று அவர் வரலாறு கூறும். மறு ஆண்டு அங்கே பெரியம்மை பரவியது. இம்முறை அவர் நோயாளரைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரை அடக்கம் செய்தார். 2015இல் அவரைப் புனிதராக உயர்த்திய பாப்பரசர் பிரான்சிஸ், வழக்கமாகக் கேட்கப்படும் இரண்டாவது புதுமையை வேண்டாமலே அவ்வாறு செய்தார்.

ஆயினும் 1995 யூலை 9ஆம் நாள் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தோர் மீது விமானக் குண்டுகள் விழுந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று கடல் பிளக்கவில்லை. இதை மூடிமறைத்துவிட்டுப் புதுமைகளைப் போதிப்பது மறைக்கல்வி ஆகாது.

கோவிலையே இழந்த யூதர் இதை மறைக்கவில்லை. இறைவன் மாபெரியவர், வல்லவர், அச்சத்துக்குரியவர் என்று மோயீசன் புகழ்ந்திருந்தார். தல்மூத் கூறுவதாவது: அந்நியர் கோவிலில் கூத்தாடுவதைக் கண்ட எரேமியாஸ், செபிக்கும்போது ‘அச்சத்துக்குரியவர்’ என்னும் சொல்லை விட்டுவிட்டார். மக்கள் அடிமைப்பட்டதைக் கண்ட தானியேல் ‘வல்லவர்’ என்பதை விட்டுவிட்டார். பின்வந்த பெரியோர்கள் இரண்டையும் திரும்பச் சேர்த்தார்கள்: தம் சினத்தை அடக்கிக்கொள்வதே அவருடைய வல்லமை, இத்தனை பகைவர் நடுவில் இச்சிறு இனம் அழியாதிருப்பதே அவர் அச்சத்துக்குரியவர் என்பதற்குச் சான்று. அப்படியானால் அந்த இறைவாக்கினர் சொல்லைக் குறைத்தது தகுமா? இறைவன் உண்மையானவர் என்று அறிந்திருந்ததால் அவரிடம் பொய் பேச அவர்கள் துணியவில்லை என்கிறது தல்மூத்.

இவ்வாரக் குடும்ப செபத்தில் யாத்திராகமம் 14 முதல் 16 வரை வாசியுங்கள். புகழுரையில் ஏதேனும் ஒரு சொல் வீட்டில் எவருக்காவது வாயில் வராவிட்டால், அவர் அதை விட்டுவிட்டுச் செபிக்கட்டும். மற்றவர்கள் அவருக்காக அதைச் சேர்த்துச் சொல்லட்டும்.