நெஞ்சுவலி நேரத்தில் பி.பி.: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று அவசரப் பிரிவுக்கு ஒருவரைக் கொண்டுபோனால், கூட வந்தவர்கள் முதலில் கேட்பது பி.பி. எவ்வளவு என்பதைத்தான். 170 என்றால் பதறுகிறார்கள். 95 என்றால் "அப்பாடா, பிரஷர் இல்லை" என்கிறார்கள். மருத்துவரின் கவலை பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

நம்பிக்கை: பி.பி. எகிறியிருந்தால் பிழைப்பது கஷ்டம்.

உண்மை: அமெரிக்காவில் இதயச் செயலிழப்போடு மருத்துவமனையில் சேர்ந்த 48,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்த 'ஆப்டிமைஸ்-எச்எஃப்' ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. சேரும்போது மேல் அழுத்தம் 120-க்குக் கீழே இருந்தவர்களில் 7.2 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். 161-ஐத் தாண்டியவர்களில் 1.7 சதவீதம்தான். அழுத்தம் உயர்ந்திருந்தால், ரத்தத்தைத் தள்ளும் பலம் இதயத்துக்கு இன்னும் இருக்கிறது. ரத்தக்குழாயைத் தளர்த்தும் மருந்தைத் தயங்காமல் கொடுக்கலாம். அழுத்தம் விழுந்துவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. இதற்காக பி.பி.யைக் கட்டுப்படுத்தாமல் விடலாம் என்று அர்த்தமில்லை. பல இதயங்கள் பழுதாவதே வருடக்கணக்கான உயர் அழுத்தத்தால்தான்.

நம்பிக்கை: பி.பி. நார்மல் என்றால் பயமில்லை.

உண்மை: எப்போதும் 160-இல் இருப்பவருக்கு 105 என்பது நார்மல் அல்ல, சரிவு. இதயம் தளரும்போது உடல் கை கால் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, பி.பி.யைச் சற்று நேரம் தாங்கிப் பிடிக்கும். அதனால்தான் மருத்துவர் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறார்: சில்லென்று வியர்த்திருக்கிறதா? நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு சட்டென்று திரும்புகிறதா? சிறுநீர் போகிறதா, பேச்சு தெளிவாக இருக்கிறதா என்றும் கவனிக்கிறார். இவை கெட்டு, மேல் அழுத்தமும் அரை மணி நேரத்துக்கு 90-க்குக் கீழேயே நின்றால் அது கார்டியோஜெனிக் ஷாக். நல்ல சிகிச்சை கிடைத்தும் பத்துப் பேரில் நான்கைந்து பேரைப் பலிவாங்கும் நிலை அது.

நம்பிக்கை: நெஞ்சுவலி என்றாலே நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட்.

உண்மை: அது பி.பி.யை இறக்கும் மாத்திரை. ஏற்கெனவே அழுத்தம் குறைந்தவருக்கும், மாரடைப்பில் வலது கீழறை பாதிக்கப்பட்டவருக்கும், வயாகரா வகை மாத்திரை போட்டவருக்கும் அது ஆபத்து. பக்கத்து வீட்டில் வாங்கிப் போடும் மருந்தல்ல. தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் தரும் லோடிங் டோஸ் (தொடக்கத்தில் ஒரே தடவையாகத் தரும் கூடுதல் அளவு) ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின்தான்.

நம்பிக்கை: ஏறிய பி.பி.யை எப்படியாவது உடனே இறக்க வேண்டும்.

உண்மை: மகாதமனி கிழிந்திருந்தால் 120-க்குக் கீழே வேகமாக இறக்குவார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு முன் 180/110-க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள், மூளையில் ரத்தம் கசியாமலிருக்க. எது தேவை என்பது இ.சி.ஜி., ஸ்கேன் பார்த்த பிறகே தெரியும். வீட்டில் நிஃபெடிபின் கேப்சூலைக் கடிக்கவைத்து அழுத்தத்தைச் சடாரென்று தள்ளினால், அதுவே பக்கவாதத்தையோ மாரடைப்பையோ வரவழைக்கலாம்.

எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் 108-ஐ அழையுங்கள். நோயாளியின் வழக்கமான பி.பி. என்ன, அன்று என்னென்ன மாத்திரை போட்டார் என்பதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.