வினாவை அறிந்து விடை எழுதுவோம்

இடம்பெயர்ந்து, பாடசாலை மாறிப் படித்த பிள்ளைகள் பாடம் தெரிந்திருந்தும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் புள்ளிகளை இழப்பதுண்டு. விடை எழுதும் முறையைப் பழகாமை இதற்கு ஒரு காரணம். அதனை வீட்டிலேயே பழகலாம்.

1. வினா கேட்பது என்ன?
‘குறிப்பிடுக’ எனில் ஒரு சொல்லோ ஒரு வரியோ போதும். ‘விளக்குக’ எனில் காரணமும் வேண்டும்.

உதாரணம்: ‘மணல் மண்ணுக்குச் சேதனப் பசளை இடுவதன் நன்மை ஒன்றை விளக்குக.’
“நீர் தங்கும்” என்பது குறிப்பிடல் மட்டுமே. “சேதனப் பொருள் நீரை உறிஞ்சி வைத்திருக்கும், ஆதலால் நீர் விரைவில் வடிந்து போகாது” என்பதே விளக்கம்.

2. நேரத்தைப் பங்கிடுக
மூன்று மணித்தியாலத்தில் ஐந்து வினாக்கள் எனில், திருப்பிப் பார்க்க 15 நிமிடம் ஒதுக்கினால் ஒரு வினாவுக்கு 33 நிமிடம் கிடைக்கும். ஒரு வினாவை நீட்டி இன்னொன்றை விட்டால், விட்டதற்குப் புள்ளியே இல்லை.

3. இலக்கம் இடுக
வினா இலக்கத்தையும் பகுதி இலக்கத்தையும் வினாத்தாளில் உள்ளவாறே எழுதுக. இரண்டு கேட்டால் இரண்டே எழுதுக.

பெற்றோரே, நீங்களும் உதவலாம். “களையை ஏன் பிடுங்குகிறோம்?” என்று பிள்ளையிடம் கேளுங்கள். விடையை இரண்டு வசனத்தில் எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். அதில் ‘ஆதலால்’ வருகிறதா எனக் கவனியுங்கள். உங்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும், காரணம் சரியா பிழையா என்பது தெரியும்.

செய்து பார்க்க: கடந்தகால வினாத்தாளில் தினமும் ஒரு வினாவுக்கு, மணிக்கூட்டைப் பார்த்து விடை எழுதுக.