சட்டம் வாஷிங்டனில், பிள்ளை டாக்காவில்

ஏழை நாட்டில் ஒரு குழந்தை பள்ளிக்குப் போகவில்லை என்றால் அந்நாட்டு அரசைத்தான் குறை சொல்கிறோம். அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த அரசின் கையைக் கட்டிப்போடும் கடன் நிபந்தனைகளும் வர்த்தகச் சட்டங்களும் பணக்கார நாடுகளில் எழுதப்படுகின்றன. இதைப் பற்றி நிலவும் சில நம்பிக்கைகளையும் அவற்றின் உண்மையையும் பார்ப்போம்.

நம்பிக்கை: பணக்கார நாடுகள் அள்ளிக் கொடுக்கின்றன.

உண்மை: தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வளர்ச்சி உதவியாகத் தர வேண்டும் என்பது 1970-இல் ஐ.நா. பொதுச்சபை வைத்த இலக்கு. 2023-இல் பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி.யின் கொடையாளர் குழுவில் அதை எட்டியவை நார்வே, லக்சம்பர்க், ஸ்வீடன், ஜெர்மனி, டென்மார்க் ஆகிய ஐந்தே நாடுகள். அதிலும், கொடையாளர் நாடுகள் தங்களிடம் வந்துசேரும் அகதிகளுக்கு முதல் ஓராண்டில் ஆகும் செலவையும் 'உதவி' என்று கணக்கெழுத விதியில் இடமுண்டு.

நம்பிக்கை: சிறு கட்டணமாவது வாங்கினால்தான் கல்வியின் மதிப்பு தெரியும்.

உண்மை: 1980-களில் கடனில் தவித்த ஆப்பிரிக்க நாடுகளிடம் உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் அரசுச் செலவைக் குறைக்கச் சொல்லின. அதனால் பள்ளியிலும் மருத்துவமனையிலும் கட்டணம் வந்தது. அந்த நிதியத்தில் பணம் அதிகம் போட்டவருக்கே ஓட்டும் அதிகம். முக்கிய முடிவுகளை அமெரிக்கா ஒன்றே தடுத்துவிட முடியும். அப்படிக் கட்டணம் வாங்கிவந்த கென்யா 2003-இல் தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை நீக்கியது. அந்த ஆண்டே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். பெற்றோருக்குக் கல்வியின் மதிப்பு தெரிந்தே இருந்தது, கையில்தான் காசில்லை.

நம்பிக்கை: குழந்தைகள் செய்த பொருளை வாங்க மறுத்தால் அவர்கள் பள்ளிக்குப் போவார்கள்.

உண்மை: அப்படிப்பட்ட பொருள்களின் இறக்குமதியைத் தடைசெய்ய 1992-இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே ஆகவில்லை. ஆனால் ஆர்டர் போய்விடும் என்று பயந்த வங்கதேச ஆயத்த ஆடை ஆலைகள் சுமார் 50,000 பிள்ளைகளை வேலையை விட்டு அனுப்பின. அவர்களில் பலர் கல் உடைக்கப் போனதையும், சிலர் பாலியல் தொழிலில் தள்ளப்பட்டதையும் யுனிசெஃப் பதிவு செய்தது. 1995-இல் ஆலை முதலாளிகள் சங்கம், யுனிசெஃப், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு மூன்றும் ஒப்பந்தம் செய்து பள்ளியும் மாத உதவித்தொகையும் ஏற்பாடு செய்தன. இழந்த கூலியில் ஒரு பங்காவது வீட்டுக்கு வந்தது. பிள்ளைகளும் வகுப்புக்கு வந்தார்கள்.

நம்பிக்கை: எவ்வளவு கொடுத்தாலும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

உண்மை: ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் 1990-இல் ஏறத்தாழ 1.28 கோடி, 2022-இல் 49 லட்சம். தடுப்பூசி, உப்புச் சர்க்கரைக் கரைசல், கொசுவலை போன்ற மலிவான பொருள்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஏழை நாடுகளில் இவற்றில் கணிசமானவை வெளிநாட்டு நிதியில் வாங்கப்பட்டவை. பிரிட்டன் 2021-இல் தன் உதவியை 0.7-லிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்தது. அமெரிக்கா 2025-இல் தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டையே கலைத்தது. பலன் தந்த செலவைத்தான் வெட்டியிருக்கிறார்கள்.