தீப்புண்ணுக்கு 20 நிமிட நீர் ஏன்?

மீ அவிக்கும்போது கொதிநீர் கையில் கொட்டிவிட்டால், பாத்திரத்தைத் தள்ளி வைத்ததும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. தோலுக்குள் புகுந்த வெப்பம் தொடர்ந்து உள்நோக்கிப் பரவும், காயமும் ஆழமாகும். அதைத் தடுப்பதே முதலுதவியின் முதல் வேலை.

தோலில் மேல்தோல், உள்தோல் என இரண்டு அடுக்குகள் உள்ளன. மேல்தோல் மட்டும் பாதிக்கப்பட்டால் அந்த இடம் சிவந்து எரியும். வெப்பம் உள்தோலை எட்டினால் கொப்புளம் எழும். உள்தோல் முழுவதும் சேதமடைந்தால் அங்குள்ள நரம்பு முனைகளும் அழிந்து, வலியே தெரியாமல் போகலாம். வலி இல்லை என்பதால் காயம் சிறியது என்று எண்ணக் கூடாது.

ஓடும் நீர் என்ன செய்கிறது?

1 கிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.2 ஜூல் வெப்பம் தேவை. ஆகவே நீர், தான் அதிகம் சூடாகாமலேயே நிறைய வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். குழாயடியில் சூடேறிய நீர் வழிந்தோட, குளிர்ந்த நீர் தொடர்ந்து வருகிறது. ஆழத்தில் உள்ள வெப்பம் மெதுவாகவே வெளியேறும் என்பதால் 20 நிமிடம் தேவை. உடனே தொடங்குவது நல்லது. 3 மணி நேரத்திற்குள் செய்தாலும் பயனுண்டு.

செய்ய வேண்டியவை

1. வீக்கம் வருமுன் மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை இழுக்காதீர்கள்.
2. காயத்தை 20 நிமிடம் குளிர்ந்த குழாய் நீரில் காட்டுங்கள்.
3. பிறகு, உணவை மூடும் சுத்தமான மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் காயத்தின் மேல் தளர்வாக விரியுங்கள்.

செய்யக் கூடாதவை

பற்பசை, வெண்ணெய், சோயா சாஸ் எதையும் தடவாதீர்கள். அவை வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கலாம். கிருமித் தொற்றுக்கும் வழிவிடும். ஐஸ் கட்டி இரத்தக் குழாய்களைச் சுருக்கி, காயத்தை மோசமாக்கும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். வீட்டில் யாராவது பற்பசையை நீட்டினால், காரணத்தைப் பணிவாக எடுத்துச் சொல்லிக் குழாயடிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

காயம் உள்ளங்கையைவிடப் பெரியதாக இருந்தாலோ, முகம், கை, கால், மூட்டுகளில் பட்டாலோ, மின்சாரத்தால் அல்லது இரசாயனத்தால் ஏற்பட்டாலோ, பாதிக்கப்பட்டவர் சிறு குழந்தையாக இருந்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள். அவசர உதவிக்கு மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

சிந்தித்துப் பாருங்கள்: வாளியில் தேங்கிய நீரைவிட ஓடும் நீர் சிறந்தது ஏன்?