இரண்டாவது மோதிரம்: ஓர் இளம் பொற்கொல்லருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பி,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. பர்மிங்காம் ஜுவல்லரி குவார்ட்டரில் ஒரு பட்டறை மேசை கிடைப்பதே பெரிய விஷயம். சேர்ந்து ஒரு வருடம் ஆவதற்குள் தனி ஆர்டர் ஒன்றை உன்னிடம் விட்டிருக்கிறார்கள் என்றால், உன் கை மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று அர்த்தம். ரொம்ப மகிழ்ச்சி.

பேரிக்காய் வடிவ வைரம், அதற்குப் பக்கத்தில் சாய்வாக இரண்டு சிறு கற்கள், அடியில் புடைத்து நிற்கும் கூடு. இப்படியொரு நிச்சய மோதிரத்துக்குப் பக்கத்தில் உட்கார ஒரு கல்யாண மோதிரம் செய்ய வேண்டும். எந்த வளையத்தை வைத்துப் பார்த்தாலும் நடுவில் இடைவெளி விழுகிறது, என்ன செய்ய என்று கேட்டிருக்கிறாய். இதே கேள்வியோடு வேறு பட்டறைகளிலும் உன் வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்து வருவதுதான். அந்தப் பெண் தன் வாழ்நாளில் அதிகம் போட்டிருக்கப் போவது நீ செய்யும் மோதிரத்தைத்தான். கல் உயர்ந்து நிற்கும் நிச்சய மோதிரத்தை மாவு பிசையும்போது கழற்றுவார்கள்; கையுறை மாட்டும்போது கழற்றுவார்கள்; கைக்குழந்தை இருக்கும் வீட்டில் மாதக்கணக்கில் பெட்டியில் வைத்துவிடுவார்கள். கல்யாண மோதிரம் விரலிலேயே கிடக்கும். நம் வீடுகளில் தாலிக்கு என்ன இடமோ, இந்த ஊரில் அதற்கு அந்த இடம். திருமணச் சடங்கில் மாப்பிள்ளை அணிவிப்பதும் அதைத்தான். பல பெண்கள் அன்று காலையில் நிச்சய மோதிரத்தை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, கல்யாண மோதிரம் ஏறிய பிறகு அதன் மேல் திரும்பப் போட்டுக்கொள்கிறார்கள். ஆகவே நீ செய்வது தனியாகவும் ஒரு முழு மோதிரமாக நிற்க வேண்டும். பக்கத்து மோதிரத்தின் விளிம்பை அப்படியே அச்செடுத்துக் குடைந்த வளையம், அந்தப் பக்கத்து மோதிரம் இல்லாத நாளில் ஏதோ குறைபட்டதாகத்தான் தெரியும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு வேலைக்கு வா.

வடிவத்தைப் பார்ப்பதற்கு முன் உயரத்தைப் பார். அளவு பார்க்கும் மேண்ட்ரலில் இரண்டு மோதிரங்களையும் மாட்டிப் பார்க்காதே. அது ஒரு முனையில் பருத்து மறுமுனையில் சிறுத்தது. இரண்டும் அதில் ஒருபோதும் விரலில் இருப்பதுபோல் உட்காராது. மோதிரத்தின் உள்விட்டத்துக்குச் சரியாக, முனைக்கு முனை ஒரே பருமனில் ஒரு மரத்தண்டைக் கடைந்துகொள். நிச்சய மோதிரத்தை அதில் ஏற்றி, கூடு வளையத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், தண்டின் மேற்பரப்பிலிருந்து கூட்டின் அடிவரை எவ்வளவு என்று வெர்னியரால் அள. 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. 1.7 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு நேர் வளையம் கல்லுக்கு அடியிலேயே புகுந்து பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துவிடும். 1.2தான் இருக்கிறது என்றால், அதற்குள் நுழைய வேண்டும் என்பதற்காக வளையத்தை மெலிய வைக்காதே. தினமும் போடும் மோதிரம் 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது என் கணக்கு.

உயரம் இடம் கொடுக்கவில்லை என்றால், இரண்டும் எங்கே முட்டுகின்றன என்று கண்டுபிடி. கண்ணால் பார்த்து ஊகிக்காதே. வளையத்தின் விளிம்பில் நீல மார்க்கர் மையைத் தடவி, நிச்சய மோதிரத்தோடு சேர்த்துத் தண்டில் ஏற்றி, லேசாக அழுத்தி இப்படியும் அப்படியும் ஒரு மயிரிழை திருப்பு. பிரித்துப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் எங்கே மை ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் முட்டல். பல நேரம் அது நாம் நினைத்த பெரிய கல்லின் கூடாக இருக்காது. பக்கத்துச் சிறு கல்லின் கவ்வியாகவோ, உள்ளங்கைப் பக்கம் அகன்றுவிட்ட வளையமாகவோ இருக்கும். அந்த ஒரு புள்ளிக்கு இடம் விட்டாலே போதும் என்ற நிலையில், மேல்பக்கம் முழுவதையும் வளைப்பது வீண் வேலை.

அடுத்தது, அந்தப் பெண் மோதிரத்தை எந்தத் திசையில் போடுகிறாள் என்று கேள். பேரிக்காய் வடிவக் கல்லின் கூர்முனையைப் பலர் நகத்தைப் பார்த்தபடி போடுகிறார்கள். கல்யாண மோதிரம் விரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் உட்காரும். அப்போது அது சந்திப்பது கல்லின் உருண்ட பக்கத்தை. அகலமான மென்வளைவு போதும். திருப்பிப் போடுகிறவள் என்றால் கூர்முனையைச் சந்திக்கிறது. அங்கே வி வடிவம் வேண்டும். ஒரே மோதிரம்தான், திசை மாறினால் வேலையே மாறிவிடும். இரண்டு கற்கள் எதிரெதிராகச் சாய்ந்து உட்காரும் 'துவா எ முவா' வகைக்கு இது இன்னும் முக்கியம். 1796-இல் நெப்போலியன் ஜோசஃபீனுக்குக் கொடுத்த மோதிரம் அந்த வகைதான்: பேரிக்காய் வடிவத்தில் ஒரு வைரமும் ஒரு நீலக்கல்லும், முனைகள் எதிர்த்திசையில். அத்தகைய மோதிரத்தின் இரண்டு விளிம்புகளும் சமச்சீராக இருக்காது. அதற்கென வளைத்த வளையத்தை மறுபுறம் திருப்பிப் போட்டால் கல்லில் இடிக்கும்.

வளைக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், விளிம்பின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் பின்தொடராதே. மூன்று கற்களையும் தழுவிப் போகும் ஒரே சீரான வளைவை வரை. அது இரண்டு இடத்தில் தொட்டால் போதும். மற்ற இடத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரியட்டும். கணினியில் வரைவது நல்லது, ஆனால் திரையில் ஒட்டியது கையில் ஒட்டும் என்று நம்பிவிடாதே. வார்ப்பில் உலோகம் சுருங்கும், பாலிஷில் தேயும். கடைசிப் பொருத்தம் அரத்தாலும் உப்புத்தாளாலும்தான் வரும்.

வளைக்காமல் விடுவதும் ஒரு முடிவுதான். 1981-இல் இளவரசி டயானாவுக்கு வந்த நிச்சய மோதிரம் உனக்குத் தெரிந்ததே: காரார்ட் நிறுவனத்தின் கைவேலை, 12 காரட் இலங்கை நீலக்கல், சுற்றிலும் 14 வைரங்கள், வெள்ளைத் தங்கக் கட்டு. அதே மோதிரம் பின்னர் அவருடைய மருமகள் கேத்தரினுக்கு வந்தது. 2011 திருமணத்துக்கு வார்ட்ஸ்கி நிறுவனம் அவருக்குச் செய்துகொடுத்தது, வேல்ஸ் தங்கத்தில் வளைவோ குடைவோ கல்லோ இல்லாத ஒரு மெல்லிய வளையம். நிறம் ஒன்றல்ல, வடிவம் ஒன்றல்ல. இரண்டும் தத்தம் குணத்தோடு ஒரே விரலில் சேர்ந்திருந்தன. இடைவெளியைக் கண்டு நீ பயப்பட வேண்டியதில்லை. அதன் அளவுதான் முக்கியம். அரை மில்லிமீட்டர் இடைவெளி கை தவறியதுபோலத் தெரியும். இரண்டு மில்லிமீட்டர், இரு பக்கமும் சமமாக விட்டால், நினைத்துச் செய்தது என்று பார்த்தவுடன் தெரியும்.

இனி விரல். நிச்சய மோதிரத்தின் அளவை அப்படியே இதற்கும் எடுத்துவிடாதே. கல்யாண மோதிரம் இன்னும் கீழே, விரலின் அடிப்பக்கம் உட்காருகிறது. அங்கே பருமன் வேறு. இரண்டு மோதிரம் சேர்ந்தால் அகலம் கூடி, இறுக்கமும் கூடும். இங்கிலாந்து அளவில் ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் உள்விட்டத்தில் சுமார் 0.4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதற்குள்தான் இறுக்கமும் தளர்வும் அடங்கியிருக்கின்றன. குளிரில் விரல் சிறுக்கும், வெயிலில் வீங்கும். ஆகவே வேறு வேறு நாளில் இரண்டு முறை அள. இரண்டு மோதிரத்தின் அகலத்துக்கும் சமமான அளவு வளையத்தால் அள. வளைந்த மோதிரம் தளர்ந்திருந்தால் விரலில் சுழன்றுவிடும்; சுழன்றால் வளைவு ஒரு பக்கம், கல் ஒரு பக்கம். கணு பெரிதாகவும் அடி மெலிந்தும் இருக்கும் விரலுக்கு, வளையத்தின் உட்புறம் உள்ளங்கைப் பக்கமாக இரண்டு சிறு தங்க மணிகளை வைத்துப் பற்றவை. கணுவைத் தாண்டும், தாண்டிய பின் சுழலாது.

உலோகத்தில் ஆசைக்கு இடம் கொடுக்காதே. இரண்டு மோதிரங்கள் நாள் முழுக்க உரசப் போகின்றன. நிச்சய மோதிரம் 18 காரட் என்றால் இதுவும் 18 காரட்டாக இருக்கட்டும். 9 காரட் என்றால் 9. 75 சதவீதத் தங்கமும் 37.5 சதவீதத் தங்கமும் கடினத்தில் ஒன்றல்ல. வருடக்கணக்கில் உரசினால் மென்மையானது தேயும். வெள்ளைத் தங்கமானால், ரோடியம் முலாம் போன பிறகு அடியில் என்ன நிறம் என்று தெரிந்துகொண்டு அதே கலவையைத் தேடு. இல்லாவிட்டால் கடையில் ஒன்றாகத் தெரிந்த இரண்டும், முலாம் தேய்ந்ததும் இரண்டு நிறமாகிவிடும்.

கல் வைத்த வளையம் கேட்டால், நிச்சய மோதிரத்தைப் பார்த்திருக்கும் பக்கத்தில் ஒரு மெல்லிய தங்க வரம்பை விட்டுக் கல்லைப் பதி. வைரத்தைக் கீறுவது வைரம்தான். பக்கத்து வளையத்தின் கற்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், பெரிய கல்லின் இடுப்பு விளிம்பிலும் கவ்விகளிலும் இரவும் பகலும் உரசிக்கொண்டே இருக்கும். கவ்வி தேய்வது கல்லை இழப்பதற்கு முதல் படி. பேரிக்காய்க் கல்லின் கூர்முனை எளிதில் சில்லுத் தெறிக்கும்; அதை மூடியிருக்கும் வி வடிவக் கவ்வியை எக்காரணம் கொண்டும் தொடாதே.

சிலர், "இந்த மோதிரத்திலேயே கொஞ்சம் அராவி இடம் பண்ணிவிடுங்கள்" என்பார்கள். மறுத்துவிடு. அது பாட்டியிடமிருந்து வந்ததாக இருக்கலாம்; கொடுத்தவர் பார்த்துப் பார்த்து வாங்கியதாக இருக்கலாம். புதியதுதான் பழையதற்கு இடம் கொடுக்க வேண்டும். சிலர் இரண்டையும் சேர்த்தே பற்றவைக்கச் சொல்வார்கள். சுழலாது, ஒன்றையொன்று தேய்க்காது, உண்மைதான். ஆனால் அதன் பிறகு கல்யாண மோதிரத்தைத் தனியே போட முடியாது. இடுக்கில் சோப்பும் அழுக்கும் சேரும். அளவு மாற்ற வந்தால் இரண்டையும் அறுக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, அப்படியும் வேண்டும் என்றால் செய்துகொடு. பக்கத்தில் ஓபலோ மரகதமோ முத்தோ இருந்தால் நெருப்பைக் கிட்டக் கொண்டுபோகாதே. லேசர் உள்ள பட்டறைக்கு அனுப்பு.

முத்திரையை மறந்துவிடாதே. இந்த நாட்டில் ஒரு கிராமுக்கு மேற்பட்ட தங்க நகையை ஹால்மார்க் இல்லாமல் தங்கம் என்று சொல்லி விற்கக் கூடாது. 1773-இல் தொடங்கிய உங்கள் ஊர் முத்திரை அலுவலகத்தின் நங்கூரக் குறி அந்த மோதிரத்தின் உட்புறத்தில் விழ வேண்டும். வளைவில்லாத, சமமான ஓர் இடத்தை அதற்காக ஒதுக்கிவை. அந்தக் குறி எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்க வேண்டும் என்பதை நீயே தீர்மானித்துக் கேட்டால், சமச்சீரற்ற மோதிரத்தை எந்தத் திசையில் போடுவது என்பதற்கு அதுவே அடையாளமாகிவிடும். கல்யாணத் தேதியை முதல் நாளே கேட்டு, முத்திரைக்கும் அளவு திருத்தத்துக்கும் நாள் ஒதுக்கிவிட்டு, மீதியைத்தான் உன் வேலைக்கு வைத்துக்கொள்.

தங்கத்தைத் தொடுவதற்கு முன் வெள்ளியில் இரண்டு மாதிரி செய்: ஒன்று நேர் வளையம், ஒன்று மென்வளைவு. இரண்டையும் அந்தப் பெண்ணிடம் கொடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு வாரம் போட்டுப் பார்க்கச் சொல். கடைக் கண்ணாடியின் முன்னால் ஐந்து நிமிடத்தில் எடுக்கும் முடிவும், பாத்திரம் கழுவி, கையெழுத்துப் போட்டு, தூங்கி எழுந்து எடுக்கும் முடிவும் ஒன்றாக இருப்பதில்லை. அவள் திரும்பி வந்ததும் "இரண்டும் பொருந்துகிறதா?" என்று கேட்காதே. நிச்சய மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைக்கச் சொல். மாதிரி மட்டும் விரலில் இருக்கட்டும். "இதை மட்டும் போட்டுக்கொண்டு வெளியே போவீர்களா?" என்று கேள். தயங்காமல் ஆம் என்றால் தங்கத்தை உருக்கு. தயங்கினால், எவ்வளவு கச்சிதமாக ஒட்டியிருந்தாலும் அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டு அடுத்ததை வரை.

மாதிரிகள் தயாரானதும் படம் அனுப்பு. மேலிருந்து எடுத்தது வேண்டாம். பக்கவாட்டில், தண்டில் ஏற்றி, வெளிச்சத்துக்கு எதிரே வைத்து எடுத்ததை அனுப்பு. கூட்டின் உயரத்தையும் எழுதிவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்