வேதியியல் ஏன் கடினமாகிறது? காரணம் அறிய மூன்று வினாக்கள்

மயிலாப்பூரில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். "வேதியியல் மட்டும் எனக்கு வராது டீச்சர்" என்று சொல்லும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அந்த எண்ணத்தோடே பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவைத் தவிர்ப்பவர்களும் உண்டு. பாடத்தை மீண்டும் நடத்துவதற்கு முன், தடை எங்கே உள்ளது என்று அறிவது அவசியம்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1991இல் எழுதிய கட்டுரை இதற்கு உதவும். கண்ணால் காண்பது, கண்ணுக்குத் தெரியாத துகள்கள், குறியீடுகள் என வேதியியலுக்கு மூன்று நிலைகள். நாம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். புதிதாகக் கற்பவருக்கு அது பெரும் சுமை. எனவே, அலகைத் தொடங்கும் முன் நிலைக்கு ஒரு வினா கேட்கிறேன்.

1. காண்பது

"சாந்தோம் கடற்கரையோர வீட்டு ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிறது. துரு உதிராவிட்டால், கம்பியின் நிறை கூடுமா, குறையுமா?"

துரு இரும்பை 'அரிப்பதாக' நினைப்பவர்கள் "குறையும்" என்பார்கள். ஆக்சிஜனும் நீரும் இரும்புடன் சேர்வது அவர்கள் எண்ணத்தில் இல்லை.

செய்ய வேண்டியது: இரும்பு நாரை எடைபோட்டு, நீரில் நனைத்துத் துருப்பிடிக்கவிட்டு, நன்கு உலர்த்தி மீண்டும் எடைபோடச் செய்யலாம்.

2. துகள்கள்

"ஐஸ் கரைகிறது, உப்பு கரைகிறது என்கிறோம். இரண்டும் ஒன்றா? படம் வரைக."

வீட்டுப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல். பாடநூலிலோ ஒன்று உருகுதல், மற்றது கரைதல். ஐஸ் உருகும்போது நீர் மூலக்கூறு மாறுவதில்லை. உப்போ சோடியம், குளோரைடு அயனிகளாகப் பிரிந்து நீரிடையே பரவுகிறது. வெறும் நீரை வரையும் மாணவர், உப்பு மறைந்துவிட்டதாகக் கருதுகிறார்.

செய்ய வேண்டியது: புளியங்கொட்டை, சோழி இரண்டையும் அயனிகளாக வைத்துக் காட்டலாம்.

3. குறியீடு

"ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும் சமன்பாட்டைச் சமன்செய்க."

சிலர் நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே சிறிய 2 இடுவார்கள். அணுக்கணக்கு சரியாகிவிடும், ஆனால் கிடைத்த பொருள் ஹைட்ரஜன் பெராக்சைடு! இவர்களுக்குக் கணக்கு தெரியும். கீழே உள்ள எண் பொருளையும், முன்னால் உள்ள எண் எண்ணிக்கையையும் குறிக்கும் என்பதுதான் தெரியவில்லை.

செய்ய வேண்டியது: இருநிறக் களிமண் உருண்டைகளை ஈர்க்குச்சியால் இணைத்து மூலக்கூறுகளைச் செய்யச் சொல்லலாம்.

இவ்வினாக்களுக்கு மதிப்பெண் வேண்டாம். பத்து நிமிடம் போதும். விடைத்தாள்களைப் பத்திரப்படுத்தி, அலகு முடிந்ததும் அதே வினாக்களை மீண்டும் கேளுங்கள். "வராது" என்ற மாணவருக்கு எது வந்திருக்கிறது, எது இன்னும் வரவில்லை என்பதை இரு தாள்களையும் அருகருகே வைத்துக் காட்டலாம்.