ஊன்றுகோல் பெற்ற வழி

வினைக்கீடாக உடலைப் பெறுதலும், பெற்றதனை இழத்தலும், மீளவும் பெறுதலும் உயிர்கட்கு அநாதியே தொடர்ந்து வருவன என்பதைச் சித்தாந்தம் பயிலும் அன்பர் அனைவரும் அறிவர். ஆயினும், ஒரு பிறவியின் உள்ளேயே அவ்விழப்பும் பேறும் நிகழுமாற்றை நாம் அத்துணை ஊன்றி நோக்குவதில்லை. இருந்த ஊர் போய், செய்த தொழில் போய், உடனிருந்தாரும் பிரிந்து, வேற்றூரில் முதலிலிருந்து தொடங்குவான் ஒருவனுக்கு நம் நூல்கள் யாது கூறுகின்றன? இவ்வினா நமக்கு ஏட்டிற் பிறந்ததன்று. பழவேற்காட்டு ஏரிக்கரையிற் பிறந்தது. ஆதலின் அவ்விடத்தினின்றே தொடங்குவாம்.

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கும் நிலத்திற்கும் இடையே பரந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. பாரதநாட்டின் உவர்நீர்க் காயல்களுள் ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்த பரப்புடையது அதுவே. தெற்கே ஆரணியாறும், வடக்கே காளங்கி, சுவர்ணமுகி என்னும் ஆறுகளும் மழைக்காலத்தில் நன்னீர் கொணரும். முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறியும் இறங்கியும் நிற்கும். இறால் கடலிற் பிறந்து, குஞ்சாய் அம்முகத்துவாரத்தின் வழியே உட்புகுந்து, ஏரியில் வளர்ந்து, பின்னர்க் கடலையே நாடி மீளும். அது மீளும் நீரோட்டங்களே மீனவர்க்கு விளைநிலம். இவ்வேரியின்கண் பழவேற்காட்டூருக்கு அணித்தாய் நீர் சூழ அமைந்த மீனவர் சிற்றூர்களுள் ஒன்று பசியாவரம். அப்பெயரைக் கேட்குந்தோறும் 'பசியா வரம்' என்றே நம் செவிக்கு ஒலிக்கின்றது. பெயர்க்காரணம் ஆராயும் புலவர் நம்மை நகைக்கலாம், நகைக்க. வலையை நம்பி வாழ்வார் வேண்டும் வரம் வேறு யாதாதல் கூடும்?

இக்கரை நெடுங்காலமாகவே ஊர் பெயர்ந்தாரைக் கண்ட கரை. ஒல்லாந்தர் 1613 ஆம் ஆண்டில் இங்குக் கெல்டிரியா என்னுங் கோட்டையை எழுப்பினர். அந்நூற்றாண்டிற் பஞ்சத்தாலும் போராலும் நிலைகுலைந்த தமிழ் மக்கள் பலர் அடிமைகளாக விற்கப்பட்டு, இத்துறையிலிருந்தே, இன்று ஜகார்த்தா எனப்படும் படேவியாவிற்குக் கப்பலேற்றப்பட்டனர். அவருள் மீண்டார் எத்துணையர் என நினையுங்கால் நெஞ்சம் நடுங்குகின்றது. ஒல்லாந்தரும் 1825 இல் இவ்விடத்தை ஆங்கிலேயர்க்கு விட்டகன்றனர். அவர் தம் கல்லறைகள் மட்டும் எஞ்சி நிற்கின்றன. அண்மைக் காலத்திற்கு வருவோமாயின், ஏரியையும் கடலையும் பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு 1969 இல் விண்வெளி ஏவுதளத்திற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபர் 9 இல் அங்கிருந்து முதல் இராக்கெட்டு எழுந்தது. நாட்டிற்குப் புகழ் தந்த அத்தளத்தின் பொருட்டுத் தீவின் குடிகள் தம் இருப்பிடம் விட்டுப் பெயர நேர்ந்தது. அவருள் மீன்பிடிக்குங் குடியினர் சிலர் தெற்கே வந்து ஏரிக்கரையில் தங்கினர். பின்னர், 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தது. அதனைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தமிழ்நாட்டுக் கரையில் அதனை மறந்தார் எவருமிலர்.

இனி, வந்தேறிய மீனவன் ஒருவன் புதிய கரையிற் காண்பதென்ன? நீர் அதுவே, மீனும் அதுவே, கையிற் பயின்ற தொழிலும் அதுவே. எனினும் அவனுக்கு வலையிட இடமில்லை. பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. இறால் மிகுதியும் படும் நீரிடங்களை வரையறுத்து, தலைக்கட்டு என்னும் குடும்ப உரிமையுடையார் சீட்டெடுத்து, இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலையிடுவதென முறைவைத்துக் கொள்ளுவர். வலியவன் எளியவன் நீரைக் கவராதபடி முன்னோர் கண்ட நன்முறை அது. அதனைக் குறைகூற நாம் துணிகின்றிலம். ஆயினும், பாட்டில் முறையுள்ளவனுக்கு அது வேலி. முறையில்லாதவனுக்கு அதுவே சுவர். புதிதாய் வந்தவனுக்கு இடமளித்தால் இருந்தவன் பங்கு குறையும். அளியாவிடின் வந்தவன் அடுப்பு எரியாது. இருபாலும் பசியே வழக்காடுகின்றது. இவ்வழக்கால் ஏரிக்கரையிற் பூசல்கள் விளைந்தமை மறைத்தற்குரியதன்று.

ஈண்டே சித்தாந்தம் நமக்கு வேண்டப்படுகின்றது. உயிர்க்குத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் இறைவன் கூட்டுவிக்கின்றான் என்பது நம் கொள்கை. தனு உடம்பு, கரணம் மனம் முதலிய கருவிகள், புவனம் அவ்வுடம்பு நின்று உலவும் இடம், போகம் ஆண்டு நுகரப்படுவது. இந்நான்கும் ஒன்றையொன்று பற்றி நிற்பன. புவனம் பறிபோயின் போகமும் உடன் போம். தனுவும் கரணமும் எஞ்சி நிற்க, ஏனை இரண்டும் இழந்தவனே ஊர் பெயர்ந்தவன். அரை இறப்பு இறந்தவன் என்று அவனைக் கூறினும் இழுக்கன்று. இனி நுணுகி நோக்குக. உயிர் தானே சென்று ஓர் உடம்பைப் பற்றிக்கொள்ளும் ஆற்றலுடையதன்று. சடமாகிய வினையும் தானே வந்து பொருந்தாது. கூட்டுவான் ஒருவன் வேண்டும் என்றன்றோ நாம் புறச்சமயத்தாரோடு வாதிடுகின்றோம்? அற்றாயின், 'உழைப்பிருந்தால் எவ்வூரிலும் பிழைக்கலாம். எழுந்து தொடங்குக' என்று இழந்தாரை நோக்கி எளிதிற் கூறிவிடுதல் நம் கொள்கைக்கே முரணாம். மறுதொடக்கம் எடுத்துக்கொள்ளப்படுவது மட்டுமன்று. அது கொடுக்கவும் படவேண்டும்.

அஃது அவரவர் வினைப்பயன். நாம் இடைபுகுவதென்னை எனின்: இவ்வினாவை நாம் அஞ்சுகின்றோம். ஏனெனில், இதனைக் கேட்போர் பெரும்பாலும் நம்மவரே. பேரலைக்குப் பின்னர்க் கூடிய ஒரு கூட்டத்தில், மக்களைப் பறிகொடுத்தார் முன்னிருக்க, வினையின் வலியைக் குறித்து ஒருவர் நெடிது பேசியதை நாம் கேட்டதுண்டு. கூறிய கருத்து நூலில் உள்ளதே. கூறிய இடம் கொலைக்களம் போன்றிருந்தது. பிராரத்தம் மூவகையான் வரும் என்ப: தன்னாலும் பிறவுயிர்களாலும் வருவது ஆதியான்மிகம், காற்று, நீர், நெருப்பு முதலிய பூதங்களால் வருவது ஆதிபௌதிகம், மூப்பும் சாக்காடும் போலத் தெய்வ ஆணையால் வருவது ஆதிதைவிகம். அலையால் வந்தது இரண்டாவது. ஆணையிட்டுக் குடிபெயர்த்தலால் வருவது முதலாவது. இப்பகுப்பு எதற்கு? துன்புறுவான் தன் துன்பத்தைத் தானே நோக்கித் தெளிதற்கு. அயலான் அவன்மேல் எறிதற்கு அன்று. மேலும், பிறனுடைய பிராரத்தம் எத்துணை என்பதை அளந்தறிபவன் இறைவன் ஒருவனே; நம் கையில் உள்ளது நம்முடைய ஆகாமியம். உயிர்க்கு இதஞ்செய்தல் புண்ணியமும் அகிதஞ்செய்தல் பாவமுமாம் என்னும் வரையறையிற் 'பிராரத்தம் நுகர்வார் நீங்கலாக' என்றொரு விலக்கை எவ்வாசிரியரும் வைத்திலர்.

இதற்குச் சான்று வேண்டுவார், நாகைக் கடற்கரை நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனாரை நினைக. அவர் நாள்தோறும் வலையில் அகப்படும் மீனுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென நீரில் விடுவார். ஒரு மீனே அகப்பட்ட நாளினும் அதனையே விடுத்தார். அங்ஙனமே பன்னாள் நிகழ, சுற்றமும் தாமும் பசியால் வாடினார். அவ்வறுமையைச் சேக்கிழார் பெருமான் அவர் செய்த பாவத்தின் பயன் என்று ஓரிடத்தும் கூறினாரல்லர். மீன் படாமை கண்டு மீனவனைப் பழிப்பது சேக்கிழார் நெறியன்று.

அற்றேல், தன் பிழையாலேயே இழந்தான் ஒருவனுக்கு யாது கதி எனின், அதற்கும் அப்புராணத்திலேயே விடையுண்டு. பழவேற்காட்டிற்குத் தெற்கே அதே கடற்கரையில் உள்ள திருவொற்றியூரில் அது தொடங்குகின்றது. ஆண்டுச் சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரமூர்த்தி சுவாமிகள், பிரியேன் எனச் சூளுறவேண்டி வந்தபோது, தாம் சந்நிதியிற் சூளுறுங்கால் பெருமான் மகிழின்கீழ் எழுந்தருள வேண்டுமென முன்னரே வேண்டிக்கொண்டார். பெருமானோ சங்கிலியார்க்கு அதனை உணர்த்தி, மகிழின்கீழேயே சூளுறச் செய்வித்தான். தோழமையின் அழகு இருந்தவாறு! பின்னர்த் திருவாரூர் வசந்தவிழா நினைவு வர, சுவாமிகள் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். இரு கண்ணும் ஒளியிழந்தன.

அன்பர்கள் இவ்விடத்திற் சற்று நிற்றல் வேண்டும். அவர் திரும்பி ஒற்றியூருக்குட் செல்லவில்லை. கண் வரட்டும், பின் செல்வோம் என அங்கேயே அமரவும் இல்லை. மயங்கி, பெருமூச்செறிந்து, வழிநடந்தார். வடதிருமுல்லைவாயிலை வணங்கி, மேற்கே திருவெண்பாக்கம் சேர்ந்தார். அங்கு, கோயிலினுள் இருக்கின்றாயோ எனப் பெருமானை வினவினார். கண்ணிழந்தவன் வினா அது. அதில் நோவும் உண்டு, நகையும் உண்டு. இருக்கின்றோம், நீர் மேற்செல்க என்னும் பொருள்பட விடை வந்தது. கூடவே ஓர் ஊன்றுகோலும் வந்தது. கண் வரவில்லை.

கண்ணைத் தர வல்லவன் கோலைத் தந்தது என்னை? கண்ணைக் கொடுத்திருந்தால் வழி பழைய வழியாயிருக்கும். கோலைக் கொடுத்தமையால் ஒவ்வோரடியும் புதிய அடியாயிற்று என்பது நம் கருத்து. மலபரிபாகம் ஒரே நாளில் நிகழ்வதன்று. மறைத்தலும் அருளலே என்று கூறும் நம் நூல்களை இங்கே கண்கூடாகக் காண்கின்றோம். சுவாமிகள் சினந்து அக்கோலை வீச, அது நந்தியின் கொம்பொன்றை முறித்ததென்று தலவரலாறு கூறுவர். நமக்கு அவ்வரலாறு மிகவும் உவப்பானது. உதவி பெற்றவன் உடனே நன்றி கூறி இன்முகங் காட்ட வேண்டுமென எதிர்பார்க்கும் நம்மனோர்க்கு, முறிந்த அக்கொம்பு ஒரு பாடம். பெருமான் அதற்காகக் கோலைத் திரும்ப வாங்கிக்கொண்டானல்லன்.

அக்கோயிலின் பிற்காலத்து நிலையும் நம் பொருளோடு இயைந்ததே. சென்னை நகரின் குடிநீருக்கெனக் குசத்தலையாற்றைத் தடுத்துப் பூண்டி நீர்த்தேக்கம் 1944 இல் கட்டி முடிக்கப்பட்டது. பழைய திருவெண்பாக்கத் திருக்கோயில் நின்ற இடம் நீருட்பட்டது. மூர்த்திகள் எழுந்தருளுவிக்கப்பெற்று, பூண்டியிற் புதிய கோயிலில் வழிபடப்பெறுகின்றனர். இருக்கின்றோம், நீர் செல்க என்று கூறிய பெருமானே இருந்த இடம் விட்டுப் பெயர்ந்து, கரையேறி, வேறிடத்தில் இருக்கின்றான்! ஊரையிழந்தார் அங்குச் சென்று நிற்பின், தம்மைப் போன்றான் ஒருவன் முன் நிற்பதாகவே உணர்வர். ஆயினும் ஒரு வேற்றுமையுண்டு. கோயிலுக்கு இடங்காண அனைவரும் முன்வந்தனர். குடிகட்கு இடங்காண அங்ஙனம் முன்வருவாரைத் தேடவேண்டியிருக்கின்றது.

ஏரிக்கரை வழக்கிற்கு மீளுவோம். பாட்டில் முறையுடையான் வந்தவனுக்குத் தன் கண்ணைப் பிடுங்கித் தரவேண்டும் என நாம் கூறவில்லை. அவனும் வறியன், முகத்துவாரம் மணலால் தூர்ந்து இறால் குறையும் ஆண்டில் அவன் பங்கும் பங்கன்று, இராக்கெட்டு எழும் நாளில் அவனுக்குங் கடல் தடை. கோல் ஒன்று தரலாகாதா என்பதே வினா. ஓடத்தில் ஓரிடம், கூலியில் ஒரு பங்கு, பிள்ளையைப் பள்ளிக்கு உடனழைத்துச் செல்லல், இவையும் கோலே. இருக்கும் மீனவன் தர இயலாத பெரிய கோலை அரசும் செல்வரும் தருதல் கடன். அலைக்குப் பின்னர்க் கட்டுமரத்திற்கு ஈடாகக் கண்ணாடியிழைப் படகுகள் தமிழ்க் கரையெங்கும் வழங்கப்பெற்றன, நன்றே. ஆயின் தம் பெயரில் ஓடமில்லாக் கூலியாளும், கூடையிற் சுமந்து விற்ற பெண்டிரும் ஏட்டில் இடம்பெறாது நின்ற இடங்கள் பல. ஏட்டில் உள்ளானுக்கே கொடுப்பது ஈடு. வழியிற் கண்டானுக்குக் கொடுப்பதே ஊன்றுகோல்.

சுவாமிகள் கோலூன்றி மேலும் நடந்தார். காஞ்சித் திருவேகம்பத்தில் இடக்கண் பெற்றார். திருத்துருத்தியில் நீராடி உடற்பிணி நீங்கினார். திருவாரூர் அடைந்தே வலக்கண் பெற்றார். வரலாறு அத்துடன் முடிந்ததெனக் கருதற்க. இரு கண்ணும் பெற்று வந்தவரைப் பரவையார் ஏற்றுக்கொள்ளவில்லை. சங்கிலியாரை மணந்த செய்தி அவர்க்கு முன்னரே எட்டியிருந்தது. போயின கண் வந்தும் புகுதற்கு வீடில்லை. இழந்தது மீண்டபின்னும் எஞ்சி நிற்கும் இத்துன்பத்தைச் சேக்கிழார் மறையாது உரைத்தார். அவ்விரவு புற்றிடங்கொண்ட பெருமான் அர்ச்சகர் வடிவில் திருவாரூர் வீதியிற் பரவையார் மனைக்குத் தூது நடந்தான். கதவு திறந்தது, உடன்பாடு கிடைக்கவில்லை. திரும்பி வந்து தோழர்க்கு அதனைக் கூறி, மீண்டும் ஒருமுறை அவ்வீதியிலேயே நடந்தான்.